அரசு வேலை விண்ணப்பத்தில் ரெஃபரியாக யாரைப் போடுவது?

கேள்வி:
அரசுத் துறை வேலை ஒன்றுக்கு இரண்டு ரெஃபரிகள், அதாவது என் வேலையைப் பற்றித் தேர்வுக் குழுவிடம் சொல்லக்கூடியவர்கள், கேட்கிறார்கள். ஒருவர் இப்போதைய மேலதிகாரியாக இருக்க வேண்டுமாம். விண்ணப்பிப்பதே அவருக்குத் தெரியாது. இன்னொருவராகப் பழைய அலுவலக இயக்குநரைப் போடலாமா? நேரடியாக அவரிடம் வேலை பார்த்ததில்லை. சம்மதிப்பவர்களிடம் என்னென்ன கொடுத்துவைக்க வேண்டும்?

பதில் 1:
இயக்குநர் வேண்டாம். பெரிய பதவிக்காகத் தேர்வுக் குழு மதிப்பெண் போடாது. "பணிச்சுமை கூடியபோது எப்படிச் சமாளித்தார், ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்பதுபோலக் கேட்பார்கள். உங்களுக்கு வேலை ஒதுக்கி, அதைச் சரிபார்த்தவரிடம்தான் பதில் இருக்கும். "நல்லவர், கெட்டிக்காரர்" என்று மட்டும் சொன்னால் குழுவால் எந்தத் தகுதிக்கு எதிரேயும் அதை எழுத முடியாது. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்களை மேற்பார்வை செய்தவராகப் பாருங்கள். உறவினர் கூடவே கூடாது. சக ஊழியர் சொல்வது அவ்வளவாக எடுபடாது. புதிதாகப் படித்து முடித்தவர் என்றால் ஆய்வு வழிகாட்டியோ பயிற்சிக்காலப் பொறுப்பாளரோ போதும்.

பதில் 2:
மேலதிகாரி விஷயத்துக்கு வழி இருக்கிறது. அவர் பெயருக்கு அருகில் "நேர்காணலுக்குப் பின், எனக்குத் தெரிவித்துவிட்டுத் தொடர்புகொள்ளவும்" என்று எழுதுங்கள். படிவத்தில் இடமில்லாவிட்டால் அறிவிப்பில் உள்ள தொடர்பு அலுவலரிடம் கேளுங்கள். இது அவர்களுக்கு வழக்கமாக வரும் கோரிக்கைதான். பெயரையே விட்டுவிட்டால் ஏன் என்ற சந்தேகம் எழும். ஆனால் நேர்காணல் அழைப்பு வந்ததும் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். குழுவின் தொலைபேசி அழைப்பிலிருந்து அவர் தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லதல்ல.

பதில் 3:
கேட்கும்போது "பெயர் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்காதீர்கள். "இந்த வேலைக்கு என்னைப் பற்றி உறுதியாகப் பேச முடியுமா?" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லி வேறொருவரைப் பாருங்கள். சில நிறுவனங்கள் பதவியையும் பணிக்காலத்தையும் மட்டுமே உறுதிசெய்ய அனுமதிக்கும். அதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

சம்மதித்தவருக்கு ஒரே மின்னஞ்சலில் வேலை அறிவிப்பு, அதன் எண், தகுதிப் பட்டியல், நீங்கள் சமர்ப்பித்த அதே விண்ணப்பம், சுயவிவரம் எல்லாவற்றையும் அனுப்புங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: ஒவ்வொரு தகுதிக்கும் அவர் கண்ணெதிரே நடந்த ஒரு வேலை, அதன் விளைவு, நடந்த மாதம். பதவிப் பெயரும் தேதிகளும் விண்ணப்பத்தில் உள்ளபடியே இருக்கட்டும். அவர் வேறு ஆண்டைச் சொன்னால் குழு உங்களைத்தான் சந்தேகிக்கும். பதில்களை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டாம். இரண்டு ரெஃபரிகளிடமிருந்தும் ஒரே வாக்கியம் வந்தால் சொல்லிக்கொடுத்தது அப்பட்டமாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
என் குறை என்ன என்று கேட்டால் ரெஃபரி என்ன சொல்வாரோ?

பதில் 3:
பெரும்பாலும் கேட்பார்கள். முன்கூட்டியே அவரிடம் நேராகப் பேசுங்கள். உண்மையான குறை ஒன்று, அதைச் சரிசெய்ய நீங்கள் எடுத்துவரும் முயற்சி, இரண்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "குறையே இல்லை" என்ற பதிலைக் குழு நம்பாது. நேர்காணலில் நீங்களும் அதே குறையைச் சொன்னால் இரண்டு பதிலும் ஒத்துப்போகும்.

பதில் 2:
இன்னொன்று. பல துறைகள் ரெஃபரிக்கு இணையப் படிவத்தின் இணைப்பைத்தான் மின்னஞ்சலில் அனுப்புகின்றன. அது ஸ்பேம் பெட்டியில் விழுந்து, கெடு முடிந்து, விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுவதுண்டு. நேர்காணல் முடிந்த அன்றே இருவருக்கும் தகவல் கொடுத்து, ஸ்பேம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் விடுப்பில் இருந்தால் மாற்று எண்ணைத் தொடர்பு அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள்.