பில்லிங் மென்பொருளின் செட்டிங்ஸை எங்கே வைப்பது? எல்லையோரக் கடைகளில் கண்டவை

தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களில் கடைகளின் பில்லிங் மென்பொருளைக் கவனிப்பவர்கள், ஊருக்கு ஒருவராகச் சொன்னவை இவை.

கம்பத்திலிருந்து:
ஏலக்காய்க் கடைகளில் அடிக்கடி வரும் புகார்: காலையில் ஒருவர் மாற்றிவைத்த பிரிண்டர், மாலையில் இன்னொருவர் லாகின் செய்தால் பழையபடி நிற்கிறது. இதற்குக் காரணம் பிரிண்டர் இல்லை. பழைய 32 பிட் மென்பொருள், செட்டிங்ஸை எழுதிவைக்கும் தன் ஐஎன்ஐ ஃபைலை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே எழுதப் பார்க்கிறது. விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. விண்டோஸ் பிழை எதுவும் காட்டாமல், அந்த யூசருக்கே உரிய ஆப்டேட்டா ஃபோல்டரில் லோக்கலுக்குள் இருக்கும் வர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டருக்கு அதைத் திருப்பிவிடும். யூசருக்கு ஒரு நகல் என்று ஆகிவிடும். பேக்கப் எடுப்பவர் புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் காப்பி செய்தால், கையில் கிடைப்பது இன்ஸ்டால் செய்த அன்றைய ஃபைல்தான்.

‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது தீர்வே இல்லை. சாதாரண யூசர் வேறொரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்துத் திறந்தால், யூசருக்கான செட்டிங்ஸ் எல்லாம் அந்த அட்மின் கணக்கில் போய் உட்காரும்.

செங்கோட்டையிலிருந்து:
கம்பத்து அண்ணாச்சி சொல்வது சரி. அதோடு, ஒவ்வொரு செட்டிங்கும் யாருக்குச் சொந்தம் என்று முதலில் பிரிக்கணும். எழுத்தின் அளவு, மொழி, ஜன்னல் இருந்த இடம் எல்லாம் யூசருடையவை. ஆப்டேட்டா ரோமிங்கில் வைக்கலாம். எடைத்தராசைச் செருகும் காம் போர்ட், அது தகவல் அனுப்பும் வேகமான பாட் ரேட், பில் பிரிண்டர் எல்லாம் அந்த மெஷினுடையவை, எல்லா யூசருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குப் போகணும்.

ஜிஎஸ்டி மாநில எண்ணும் பில் வரிசை எண்ணும் வியாபாரத்துக்குச் சொந்தம். அவை டேட்டாபேஸில், அந்த ஜிஎஸ்டிஐஎன் (கடையின் ஜிஎஸ்டி பதிவு எண்) பக்கத்திலேயே இருக்கணும். செங்கோட்டைக் கடையின் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து புனலூர் கிளையில் போட்டால், ஐஎன்ஐயில் தமிழ்நாட்டின் 33 என்று தங்கிவிடும்; அங்கே வேண்டியது கேரளத்தின் 32. கொல்லத்து வாடிக்கையாளருக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரிய வேண்டிய பில்லில், வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி விழும். மாதக் கடைசியில் ரிட்டர்ன் போடும்போதுதான் தெரியும்.

ஊத்துக்கோட்டையிலிருந்து:
புரோகிராம்டேட்டாவிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ஃபைலை முதலில் உருவாக்கிய யூசர்தான் அதைத் திருத்த முடியும். அடுத்த சாதாரண யூசருக்குப் படிக்க மட்டும் வரும். இன்ஸ்டாலர் அட்மினாக ஓடும்போதே தனி ஃபோல்டர் உருவாக்கி, யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை (திருத்தும்) அனுமதி கொடுக்கணும். அந்த ஃபோல்டரில் செட்டிங்ஸ் தவிர டிஎல்எல், இஎக்ஸ்ஈ போன்ற மென்பொருள் ஃபைல் எதையும் வைக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் மாற்றிவைத்துவிடலாம்.

இந்தப் பக்கம் கடைப் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடிப்பார்கள். விண்டோஸின் பழைய ஐஎன்ஐ ஃபங்ஷன் எழுதினால் இரண்டுமே கேள்விக்குறியாகும். அந்த ஃபைல் முன்கூட்டியே பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் எழுத்துமுறையைச் சொல்லும் குறி) உள்ள யுடிஎஃப்-16 ஆக இருந்தால்தான் யூனிகோட் நிற்கும். புதிதாக எழுதுபவர்கள் யுடிஎஃப்-8 ஜேசன் ஃபைலுக்குப் போய்விடுவது நல்லது.

களியக்காவிளையிலிருந்து:
லினக்ஸில் யூசரின் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளி கான்ஃபிக்கில் (.config) செட்டிங்ஸ், புள்ளி கேஷில் (.cache) அழிந்தாலும் பரவாயில்லாதவை, மெஷின் முழுவதற்கும் பொதுவானவை எட்சியில் (/etc).

கரண்ட் போகும் ஊரில் எந்த ஓஎஸ் ஆனாலும் இதைக் கவனிக்கணும்: செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து அதன் மேலேயே எழுதினால், பாதியில் கரண்ட் போனதும் 0 பைட் ஃபைலோ அரைகுறை ஃபைலோ மிஞ்சலாம். அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைல் எழுதி, எஃப்சிங்க் செய்து (எழுதியது டிஸ்கில் இறங்கும்படி செய்து), பிறகு பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள்.

கம்பத்திலிருந்து:
பழையதிலிருந்து மாறும்போது ஒன்று. மென்பொருளில் மேனிஃபெஸ்ட் (எந்த அனுமதியோடு ஓடணும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்தாலும், 64 பிட் ஆக்கினாலும் வர்ச்சுவல்ஸ்டோருக்கான அந்தத் திருப்பல் நின்றுவிடும்; கடைக்காரர் கண்ணுக்கு செட்டிங்ஸ் எல்லாம் மாயமாய்ப் போனது போலத் தெரியும். அதனால் முதல் ஓட்டத்தில் புது இடம் காலியா என்று பார்த்து, காலியானால் முதலில் வர்ச்சுவல்ஸ்டோர், அதிலும் இல்லாவிட்டால் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற வரிசையில் படித்து, புது இடத்தில் எழுதுங்கள். பழைய ஃபைலை அழிக்க வேண்டாம்.