ஆறு வயது மகளின் தலையில் வட்டமாக முடி உதிர்கிறது: புழுவெட்டா, படர்தாமரையா?

வெள்ளவத்தைத் தாய்:
என் மகளுக்கு வலது காதுக்கு மேலே, ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் முடி கொட்டியிருக்கிறது. அவ்விடத்தில் தவிடு போலச் செதில் உதிர்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. புழுவெட்டு என்று சொல்லிச் சின்ன வெங்காயம் தேய்க்கிறார் மாமி. பாமசியில் வாங்கிய கிறீமை மூன்று வாரங்கள் பூசியும் வட்டம் பெரிதாகிறதே ஒழியக் குறையவில்லை. நான் துப்புரவாகப் பார்க்காததால்தான் வந்ததோ என்று நினைத்து நித்திரையும் வருவதில்லை.

தோல் நோய்ப் பிரிவு மருத்துவர்:
அம்மா, இதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. புழுவெட்டில் தோல் வழுவழுப்பாக இருக்கும், செதில் இராது. நீங்கள் சொல்லும் செதிலும் கறுப்புப் புள்ளிகளும் தலையில் வரும் படர்தாமரையையே நினைவூட்டுகின்றன. இது புழுவால் வருவதன்று. ட்ரைக்கோபைட்டன், மைக்ரோஸ்போரம் என்னும் பங்கசுக்களால் வருவது. ட்ரைக்கோபைட்டன் வகைகள் பல முடியின் உள்ளேயே வித்திகளை நிரப்புவதால், முடி தோல்மட்டத்திலேயே முறிந்து, எஞ்சிய அடி கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது. பருவமடைந்த பின் சுரக்கும் தோலெண்ணெயின் கொழுப்பமிலங்கள் பங்கசை ஓரளவு தடுப்பதால், இது பெரும்பாலும் சிறுவர்களையே பிடிக்கிறது. சீப்பு, தொப்பி, தலையணை உறை, சலூன் கருவி ஆகியவற்றால் பரவும். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் வகை பூனை, நாய்க் குட்டிகளிடமிருந்து வரும்.

கிறீம் முடியின் வேருக்குள் இறங்காது. ஆகவே வாயால் உட்கொள்ளும் மருந்து கட்டாயம் தேவை. கிரைசியோபல்வின் என்றால் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள், பாலோ கொழுப்புள்ள உணவோ சேர்த்துக் கொடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். ட்ரைக்கோபைட்டனுக்கு டெர்பினாபின் பெரும்பாலும் 4 வாரங்கள் போதும். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது என்பதால், மருத்துவர் எழுதித் தராமல் எதையும் கொடுக்க வேண்டாம். பாமசியில் வாங்கிய கிறீமில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். ஸ்டீரொய்ட் சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிட்டுப் பங்கசை வளரவிடும். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். செதிலையும் முறிந்த முடியையும் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனைத் தந்தை:
தயவுசெய்து தாமதிக்க வேண்டாம். என் மகனுக்கு வட்டம் வீங்கி, தொட்டால் பஞ்சு போல அமுங்கிச் சீழ் வடிந்தது. பின்கழுத்தில் நெறியும் கட்டியது. அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் சீழ்க்கட்டி என்று கீறிவிட்டார்கள். பங்கசுக்கு எதிராக உடலே காட்டும் கடுமையான எதிர்விளைவு அது, கீறத் தேவையில்லை என்று பிறகுதான் தோல் வைத்தியர் விளக்கினார். வீக்கம் வற்றிய பின்னும் அவ்விடத்தில் முடி முளைக்கவில்லை.

வெள்ளவத்தைத் தாய்:
நாளைக் காலையிலேயே போகிறோம். மாடிப்படியில் படுக்கும் பூனைக்குட்டியின் காதோரம் ரோமம் இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. தம்பிக்கு மூன்று வயது, அவனும் அதனோடுதான் விளையாடுவான்.

தோல் நோய்ப் பிரிவு மருத்துவர்:
பூனையைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதனை விலங்கு வைத்தியரிடமும் காட்டுங்கள். அறிகுறியின்றியே பங்கசைச் சுமப்பவர்கள் இருப்பதால், தம்பியின் தலையையும் பார்க்கச் சொல்லுங்கள். கீட்டோகொனசோல் ஷாம்பு வாரம் இருமுறை போட்டால் பரவல் குறையும். ஆனால் அது மட்டும் நோயைத் தீர்க்காது. மொட்டையடிக்க வேண்டியதில்லை. மருந்து தொடங்கிய பின் பிள்ளை பாடசாலைக்குப் போகலாம், சீப்பு மட்டும் தனியாக இருக்கட்டும்.