குளிர்காலத்தில் சிம்மர் பாட்: எதை எப்போது போடுவது, எங்கே கெடுகிறது

பனித்துளி (டொராண்டோ)

டிசம்பர் பிறந்தால் இங்கே ஜன்னலைத் திறக்க முடியாது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கும். மீன் வறுத்தால் அந்த வாடை திரைச்சீலையில் இரண்டு நாள் குடியிருக்கும். அதனால்தான் தண்ணீரில் ஆரஞ்சு, பட்டை, கிராம்பு போட்டு, வீடு மணக்க அடுப்பில் சிறு தீயில் வைக்கிற சிம்மர் பாட் வழக்கம் நம்மவர் வீடுகளிலும் வந்துவிட்டது. ஆனால் “எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்க விடுங்கள்” என்று ஒரே வரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் அரை மணி நேரத்தில் ஆரஞ்சு மணம் போய்க் கஷாய வாடைதான் மிஞ்சும்.

காரணம் எளிது. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். அதன் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ். கிராம்பில் இருக்கும் யூஜெனாலுக்கு 254 டிகிரி. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்றாலும் இரண்டும் நீராவியோடு சேர்ந்து கிளம்பும். பன்னீர் வடிப்பதும் இந்த முறையில்தான். இலேசானது முதலில் ஓடிவிடும், கனமானது மெல்ல மெல்ல வரும். ஆகவே கனமானதை முதலில் போடுங்கள், இலேசானதைக் கடைசியில் போடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

என் அளவு இது. 2 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் 6 கப் பச்சைத் தண்ணீர். அதில் மூன்று அங்குலப் பட்டை 2, கிராம்பு 6, அன்னாசிப்பூ 2, பிரியாணி இலை 1. ஒரு கொதி வந்ததும் தீயை மிகக் குறைத்துவிட வேண்டும். மேற்பரப்பில் ஆவி சுருண்டு எழ வேண்டும், ஓரத்தில் அங்கொன்று இங்கொன்றாகக் குமிழி வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் மணம் முழுவதும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 20 நிமிடம் கழித்து ஒரு ஆரஞ்சை வட்டமாக வெட்டிப் போடுங்கள். ரோஸ்மேரி இரண்டு கொத்து, அதற்கும் பிறகு. பச்சை இலை அரை மணிக்கு மேல் வெந்தால் அவித்த கீரை வாடை வரும். வெனிலா எசென்ஸ் விடுவதானால் விருந்தாளி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு டீஸ்பூன். அது ஆல்கஹாலில் கரைத்தது, முதலிலேயே விட்டால் வீண்.

மூடி போடாதீர்கள். பாதி மூடினாலும் ஆவி மூடியில் பட்டு எண்ணெயோடு திரும்பச் சட்டிக்குள் சொட்டும்.

தென்றல்

கிராம்பு விஷயத்தில் கை நீளக் கூடாது. 10, 12 என்று போனால் பல் மருத்துவர் அறை வாசனை வரும். அங்கே பயன்படுத்துவதும் இதே யூஜெனால்தான், அதனால் மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று, பொடி எதையும் போடாதீர்கள். பட்டைப் பொடி தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து நுரை தள்ளிப் பொங்கும், மீதி அடியில் படிந்து தீயும். ஜாதிக்காயைக்கூடத் துருவாமல் இரண்டாக உடைத்துப் போட்டால் போதும்.

கிரான்பெரி பற்றி ஒரு சொல். படத்தில் சிவப்பாக அழகாக இருக்கும், மணம் ஏறக்குறைய இல்லை. வீட்டில் இருந்தால் ஒரு கைப்பிடி போடுங்கள், அதற்கென்று கடைக்குப் போக வேண்டாம். ஆப்பிளில் தோலும் நடுத்தண்டும் போதும். சதையைப் போட்டால் கரைந்து கூழாகி அடி பிடிக்கும்.

வன்னிக்குயில் (ஸ்காபரோ)

கறுவாவைப் (பட்டையை) பற்றி யாரும் சொல்லேல்லை, அதனால் நான் எழுதுறன். எங்கட கடைகளில் ரெண்டு விதம் இருக்கு. இலங்கைக் கறுவா மெல்லிசு, கடதாசி போல பல அடுக்காச் சுருண்டிருக்கும், கையால நொருக்கலாம். மற்றது தடிச்ச ஒற்றைச் சுருள், இரண்டு ஓரமும் உள்ளுக்குச் சுருண்டு கட்டை மாதிரி இருக்கும். அது கசியா. கறிக்கும் தேத்தண்ணிக்கும் நான் இலங்கைக் கறுவாவைத்தான் விடமாட்டன். ஆனா சிம்மர் பாட்டுக்குக் கசியாதான் சரி. மணம் காரமா இருக்கும், ரெண்டு மூண்டு தரம் திரும்பவும் போடலாம், விலையும் குறைவு. நல்ல கறுவா ஒரு மணித்தியாலத்தில சோர்ந்து போகும்.

ஒரு குணம் இருக்கு. கசியா கனநேரம் கொதிச்சா தண்ணி கொழகொழப்பாகும். பழுதாப் போச்செண்டு நினைக்க வேண்டாம், அந்தப் பட்டையின்ர இயல்பு அது. ஆனா கொழகொழத்த தண்ணி சட்டெண்டு பொங்கும். அந்த நேரம் பாதித் தண்ணியை வெளியில ஊத்திப்போட்டுச் சுடுதண்ணி விடுங்கோ.

ரம்பை (பாண்டான் இலை) போட்டுப் பாக்க விரும்புறவைக்கு: ரெண்டு இலையை முடிஞ்சு போடலாம், ஆனா வீடு முழுக்கச் சோறு வடிச்ச வாசம்தான் வரும். பாஸ்மதி அரிசியில இருக்கிற அதே மணப்பொருள்தான் ரம்பையிலயும் இருக்கு. எனக்கு அது பிடிக்கும், தோடம்பழத்தோட (ஆரஞ்சோட) மட்டும் சேராது. ஏலக்காய் நாலைத் தட்டிப் போட்டா ரம்பைக்குப் பொருந்தும்.

கீழைக்காற்று

“மணம் வரவே இல்லை” என்று புலம்புகிறவர்களில் பலருக்கு மணம் வந்துகொண்டுதான் இருக்கும். அவர்கள் மூக்குக்குப் பழகிவிட்டது. ஒரே வாசனையில் கால் மணி, இருபது நிமிடம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். உடனே இன்னும் நாலு கிராம்பு, இன்னொரு பட்டை என்று சேர்ப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு வாசலிலேயே தலை வலிக்கும். சேர்ப்பதற்கு முன்னால் கோட்டை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் வெளியே நின்றுவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். அப்போது மூக்கு சொல்வதுதான் உண்மை.

அப்படியும் வரவில்லை என்றால் முதலில் அடுப்புக்கு மேலே பாருங்கள். ஹூட் ஃபேன் ஓடினால் மணம் முழுவதும் நேராக வெளியே போகும். மீன் வறுத்த நாளில் வரிசை இப்படி இருக்க வேண்டும்: ஹூட் ஃபேனைப் போட்டு வாடையை வெளியே அனுப்புங்கள், அடுப்பில் தெறித்த எண்ணெயைத் துடையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், பிறகு சட்டியை வையுங்கள். சிம்மர் பாட் வாடையை அகற்றாது, அதன் மேல் இன்னொன்றைப் போர்த்தும், அவ்வளவுதான். வறுவல் வாடையும் கிராம்பும் கலந்தால் இரண்டையும்விட மோசம்.

மேல்மாடிக்கும் மணம் போக வேண்டுமானால் தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஆன்’ நிலைக்கு மாற்றுங்கள். ஃபர்னஸ் சூடு தராத நேரத்திலும் காற்று சுற்றும்.

கேஸ் அடுப்பில் மணிக்கணக்காக வைப்பது நல்லதல்ல. எரிந்த காற்றும் வீட்டுக்குள்ளேயே தங்கும். ஒரு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். நாள் முழுக்க வேண்டுமென்றால் சின்ன ஸ்லோ குக்கரில் கொதிநீர் ஊற்றி, மூடி இல்லாமல் முதல் ஒரு மணி ‘ஹை’, பிறகு ‘லோ’. பச்சைத் தண்ணீர் ஊற்றி ‘லோ’வில் வைத்தால் மணம் கிளம்பவே மதியம் ஆகிவிடும்.

பனித்துளி

தண்ணீர் மட்டம்தான் உயிர்நாடி. எத்தனை பேர் மறந்துபோய்ச் சட்டியைக் கருக்குகிறார்கள்! சிறு தீயில்கூட அகலமான பாத்திரம் ஒரு மணி நேரத்தில் இரண்டு கப்பை இழுத்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது, மிதக்கிற ஆரஞ்சு வில்லைகள் மறைத்துவிடும். மரக்கரண்டிக் காம்பில் ரப்பர் பேண்டு மாட்டி அதை ஆரம்ப நீர்மட்டத்தில் நிறுத்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை காம்பை அடியில் ஊன்றிப் பாருங்கள். ஈரம் ரப்பர் பேண்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றால் நிரப்பும் நேரம். கெட்டிலில் கொதித்த நீரையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி, மணம் திரும்பப் பத்து நிமிடம் ஆகும். போனில் டைமர் வையுங்கள். கடைக்குப் போவதானாலும் தூங்கப் போவதானாலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நான்ஸ்டிக் பாத்திரம் வேண்டாம். தண்ணீர் வற்றி அதிகம் சூடேறினால் அந்தப் பூச்சு விடுகிற புகை கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும். கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அலுமினியமும் பூச்சில்லாத இரும்பும் ஆரஞ்சுப் புளிப்பில் கறுக்கும். புகை அலாரத்துக்கு நேர் கீழே சட்டியை வைத்தால் ஆவியாலேயே அது அலறும்.

ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வறண்ட காற்றுக்கு ஈரம் நல்லதுதான், ஆனால் அந்தத் தண்ணீர் சட்டத்தில் இறங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

தென்றல்

ஊரில் பழகிய பொருட்களைப் பற்றி அடிக்கடி கேள்வி வருகிறது. வெட்டிவேர் அடுப்புக்கு ஏற்றதல்ல. அதன் எண்ணெய் மிகக் கனம், ஆவியோடு எளிதில் எழாது. மண்பானைக் குளிர்நீரில் கிடந்து மணப்பதுதான் அதன் வழி. பச்சைக் கற்பூரம், பூசைக் கற்பூரம் இரண்டையும் சட்டியில் போடவே கூடாது. எளிதில் தீப்பிடிக்கும், குழந்தைகளுக்குக் கற்பூர ஆவி ஆபத்து. அரோமா எண்ணெய்ச் சொட்டும் தேவையில்லை. சுடுநீரில் மிதந்து ஐந்து நிமிடத்தில் மூக்கைக் குத்திவிட்டுப் போய்விடும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் தொல்லை, பூனைக்கும் ஆகாது.

பைன், ஃபிர் கிளை ஒரு சாண் அளவு போடலாம், காட்டு மணம் வரும். ஆனால் தெரிந்த மரத்திலிருந்து மட்டும் எடுங்கள். வேலியில் வளர்க்கிற யூ செடியும் தட்டையான ஊசி இலையோடு ஃபிர் போலவே இருக்கும், சிவப்புப் பழம் பிடிக்கும். அது கொடிய நஞ்சு. சாயமோ தீத்தடுப்பு மருந்தோ தெளித்த கிறிஸ்துமஸ் மரத்துக் கிளையும் வேண்டாம்.

வன்னிக்குயில்

மிச்சத்தை வடிவா ஆறவிட்டு, மூடி, பிரிட்ஜில ரெண்டு நாள் வைக்கலாம். அடுத்த நாள் புதுத் தோல் மட்டும் போட்டாக் காணும். குடிக்கிற பானம் இல்லை எண்டு வீட்டில எல்லாருக்கும் சொல்லி வையுங்கோ, வாசம் தேத்தண்ணி மாதிரியே இருக்கும்.

போத்தலில போட்டுப் பரிசாக் குடுக்கிறதெண்டா காய்ஞ்ச தோடம்பழம்தான் சரி. பச்சை வில்லை நாலைஞ்சு நாளில பூஞ்சணம் பிடிக்கும். கால் அங்குலத் தடிப்பில வெட்டி, துணியால ஒத்தி, அவனில 200 ஃபாரன்ஹீட்டில மூண்டு, நாலு மணித்தியாலம். ஒவ்வொரு மணித்தியாலமும் திருப்பவேணும். நடுவில விரல் ஒட்டினா இன்னும் காயேல்லை.

பனித்துளி

ஃபிர் கிளை போட்ட சட்டியில் நீர்மட்டம் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு வளையம் ஒட்டிக்கொள்ளும். அது பிசின், சோப்புக்கு அசையாது. காய்ந்த சட்டியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துணியால் தேய்த்தால் நழுவி வரும். அதன் பிறகு சோப்பு போட்டுச் சுடுநீரில் கழுவுங்கள்.