கீழ்க் கொக்கி போடாத சாப்ஸ்: செயின் சோ வேலையில் உங்களுக்கு நடந்தது என்ன?

வெள்ளவத்தை வளவுக்காரன்

பின்வளவு மாமரத்தின் கொப்பு ஒன்று மழையோடு முறிந்து பக்கத்து வீட்டுத் தகரத்தில் சாய்ந்துவிட்டது. 2023 அக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸுக்கு மேல் மரம் விழுந்து ஐந்து பேர் செத்ததிலிருந்து எங்கள் ஒழுங்கையில் யாரும் மரத்தை விளையாட்டாக நினைப்பதில்லை. அன்றைக்கே ஆள் பிடித்தேன்.

வந்த பெடியனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஆரஞ்சு நிறச் சாப்ஸ் கட்டியிருந்தான், செயின் சோ வெட்டாமல் காலைக் காக்க களிசானுக்கு மேல் முன்பக்கமாகக் கட்டி, பின்னால் கொக்கி பூட்டுகிற உறை. பார்த்ததும் மனசுக்கு நிம்மதி. சாரத்தை மடித்துக் கட்டி, பாட்டாச் செருப்போடு செயின் சோ பிடிக்கிற ஆக்களைத்தானே இங்கே பார்த்துப் பழகியிருக்கிறோம். பதினொரு மணிக்குப் பிளேன்டீ கொண்டுபோனேன். கப்பைக் குட்டி மதிலில் வைக்கக் குனியும்போது கண்ணில் பட்டது: கெண்டைக்காலுக்குப் பின்னால் பூட்ட வேண்டிய கொக்கிகள் கழன்று ஆடிக்கொண்டிருந்தன. வெக்கைக்குக் கழற்றி விட்டிருக்கிறான். சொல்லுவமா என்று ஒரு யோசனை வந்தது. மரம் தறிக்கிறவனுக்கு நான் என்ன பாடம் எடுக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

அரை மணித்தியாலம்கூட இல்லை. அறுத்து முடித்து வாளை இறக்குகிறான், சங்கிலி இன்னும் சுற்றுகிறது. இடது முழங்காலுக்குக் கீழே பட்டது. பூட்டாத சாப்ஸ் வாசல் சீலை மாதிரி ஒரு பக்கம் விலகி வழிவிட்டது. ஒன்பது தையல். எலும்பில் படவில்லை. ஆஸ்பத்திரியால் திரும்பி வந்து பார்த்தால், அரைவாசி குடித்த பிளேன்டீ மதிலிலேயே இருந்தது, எறும்பு மொய்த்தபடி.

தெஹிவளை கொப்பேறி

வாசல் சீலை என்றது சரியான சொல். எனக்கு நடந்தது வேறு மாதிரி.

நான் போட்டிருந்தது சாப்ஸ் இல்லை, அதே பாதுகாப்பு உள்ளே வைத்துத் தைத்த முழுக் களிசான். நிலத்தில் நின்று மரக்குற்றி துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். கால் சறுக்கியது, வாள் இடது தொடையில் இறங்கியது. முழங்காலுக்கு மேலே நாலு விரல். எஞ்சின் கர்ர் என்று திணறி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் கிழிந்த தலையணை மாதிரி வெள்ளைப் பஞ்சு தொங்குகிறது. தோலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கால் நடுங்கத் தொடங்கியது, பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை.

அந்தப் பஞ்சுதான் வேலை செய்கிற சாமான். மேல் துணி வெட்டுப்பட்டதும் உள்ளே அடுக்கியிருக்கும் நீள நூல்களைச் சங்கிலி இழுத்துக்கொண்டு போய், பல்சக்கரத்தில் சுற்றி, தானே தன்னை இறுக்கிக்கொள்ளும். அதைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கிண்டி எடுக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போனது.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. வெட்டுப்பட்ட களிசான் அதோடு சரி, குப்பைக்குத்தான். முதலாளி டெய்லரிடம் கொடுத்துப் பச்சை நூலால் தைத்து வாங்கி, புதிதாக வந்த பெடியனிடம் கொடுத்துவிட்டார். தைத்தால் நூல்கள் அந்த இடத்தில் கட்டுப்பட்டுவிடும், சங்கிலிக்கு இழுபடாது. நான் சொன்னேன். "வெளிநாட்டுச் சாமான், என்ன விலை தெரியுமா" என்றார். நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். அந்தப் பச்சைத் தையல் இப்போது யாருடைய காலில் இருக்கோ.

முகத்துவாரம் பேட்டரி

இதெல்லாம் பெட்ரோல் மெஷின் வைத்திருக்கிற ஆக்களின் பிரச்சினை. நான் பேட்டரி வாள் வாங்கி ஒரு வருஷம். கையை எடுத்தால் சங்கிலி நிற்கிறது, சத்தம் இல்லை. போன மாதம் சும்மா ஜீன்ஸோடு தென்னங்குற்றி அறுத்தேன். ஒரு தரம் வாள் துள்ளி, ஜீன்ஸ் மடிப்பு சங்கிலியில் மாட்டி, வெடுக்கென்று இழுத்தது. துணி மட்டும்தான் போனது. அந்த இழுவை இப்பவும் படுக்கும்போது காலில் தெரிகிறது. இனிக் களிசான் ஒன்று வாங்கினால் முடிந்தது.

தெஹிவளை கொப்பேறி

முடியாது அண்ணா. களிசான் சங்கிலியை நிறுத்துவது எஞ்சினைத் திணறடித்துத்தான். மின் மோட்டர் மெதுவாகச் சுற்றும்போதும் முழு பலத்தோடு இழுக்கும், நூல் சுற்றினாலும் நிற்காமல் போகலாம். களிசானோடு வருகிற தாளிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். போடத்தான் வேண்டும், ஆனால் போட்டதை நம்பிக் காலை நீட்டாதீர்கள்.

முகத்துவாரம் பேட்டரி

நிற்காது என்றால் பிறகு எதற்குப் போடுவது? பேசாமல் சாரத்தோடு அறுக்கலாமே.

பஞ்சிகாவத்தை நானா

தம்பிமார் சண்டை பிடிக்காதீங்க. என் கதை சின்னது. கடைக்கு வந்த ஒருவர் பாவித்த ஐரோப்பிய களிசான் ஒன்று எடுத்தார். நல்ல சாமான், ஆனால் கால் நீளம் 34 அங்குலம், அவரோ ஐந்தடி நாலு. அடுத்த நாள் திரும்பி வந்து "நானா, அளவாக வெட்டிட்டேன், உள்ளே இருந்து பஞ்சு வருதே" என்று காட்டினார். கீழ் விளிம்பு முழுக்க நூல் தொங்குகிறது. எனக்கு வாயே வரவில்லை. விற்கும்போது நான்தான் நீளம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால கேளுங்க. பாதுகாப்பு அடுக்கு விளிம்புக்குக் கிட்டவரை இறங்கும், அதை வெட்டவும் கூடாது, துளைத்துத் தைக்கவும் கூடாது. மடித்துவிட்டால் சுள்ளி மாட்டி விழுவீங்க. ஒரே இடுப்பளவில் குட்டைக் கால், நெட்டைக் கால் என்று வருகிறது, குட்டையைக் கேட்டு வாங்குங்க. சப்பாத்தோடு போட்டுப் பாருங்க, செருப்போடு இல்லை. குந்தி இருந்து பாருங்க: அடுக்கு முழங்காலை விட்டு நகரக்கூடாது, கீழ் விளிம்பு சப்பாத்துக்கு மேல் ஏறக்கூடாது. இடுப்புப் பட்டியை விடத் தோள் பட்டி நல்லது. களிசான் பாரம், வேர்வையில் நனைந்ததும் இறங்கும். இறங்கினால் முழங்காலில் இருக்க வேண்டியது கெண்டையில் இருக்கும்.

லேபிளில் கேடயத்துக்குள் செயின் சோ படம் இருக்குதா பாருங்க. தர எண் பழையதில் ஈஎன் 381-5, புதியதில் ஐஎஸ்ஓ 11393-2. கிளாஸ் 1 என்றால் வினாடிக்கு 20 மீட்டர் சங்கிலி வேகத்துக்குச் சோதித்தது, கிளாஸ் 2 என்றால் 24, கிளாஸ் 3 என்றால் 28. கூடக் கூட அடுக்கும் கூடும், வெக்கையும் கூடும். கொழும்பு வெயிலில் கிளாஸ் 3 வாங்கி வேனுக்குள் போட்டு வைப்பதை விட, கிளாஸ் 1 காலில் இருப்பது மேல். பிறகு ஏ, சி என்று எழுத்து. ஏ முன்பக்கத்துக்கு, நிலத்தில் நிற்கிறவருக்கு. சி சுற்றிவரப் பாதுகாப்பு, மரத்தில் ஏறுகிறவருக்கு. வலது கைக்காரருக்கு அடி படுவது பெரும்பாலும் இடது காலில்தான், அதனால பாவித்த சாமான் எடுக்கும்போது இடது காலை விரலால் தடவிப் பாருங்க, உள்ளே கட்டி கட்டியாக இருந்தால் வேண்டாம். பேட்டரித் தம்பி, நிற்காவிட்டாலும் நூல் வேகத்தைக் குறைக்கலாம், அந்தக் கண நேரத்தில்தான் கையை எடுக்கணும்.

நுகேகொடை மகள்

நானா சொன்ன "கட்டி கட்டியாக" என்றதைப் படித்ததும் எழுத வந்தேன். அப்பாவுக்கு அண்ணா கனடாவிலிருந்து களிசான் அனுப்பினார். முதல் நாளே எண்ணெய்க் கறை. அம்மாவுக்குக் கறை என்றால் பிடிக்காது. பிளீச் போட்டுத் தோய்த்து, காய்ந்ததும் அயர்ன் பண்ணி, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி மடிப்பு வைத்துக் கொடுத்தா. அப்பா பெருமையாகப் போட்டுக்கொண்டு நின்றார். முழங்காலைத் தட்டினால் கார்ட்போர்ட் மாதிரிச் சத்தம். உள்ளே நூல்கள் உருகி ஒட்டியிருந்தன. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பா "எனக்கு இது இறுக்கம்" என்று பொய் சொல்லி அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டார்.

வெள்ளவத்தை வளவுக்காரன்

நேற்று அந்தப் பெடியனுக்கு ஃபோன் எடுத்தேன். தையல் வெட்டி மூன்று வாரம், ராஜகிரியவில் வேலையில் நிற்கிறானாம். கொக்கி பூட்டியிருக்கிறாயா என்று கேட்டேன். "ஓம் ஐயா, எல்லாம் பூட்டித்தான்" என்று சொல்லிப் படமும் அனுப்பினான். மேல் இரண்டும் பூட்டித்தான் இருக்கு. கீழ்க் கொக்கி அன்றைக்கே உடைந்துவிட்டதாம், சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டியிருக்கிறான். வெட்டு விழுந்த அதே ஆரஞ்சுச் சாப்ஸ். அது பிடிக்குமா?

தெஹிவளை கொப்பேறி

சங்கிலி சாப்ஸிலும் பட்டதா, காலில் மட்டுமா? ஓரத்தில் பஞ்சு தெரிகிறதா என்று கிட்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பஞ்சு தெரிந்தால் கழற்றச் சொல்லுங்கள், என்னிடம் மற்றச் சோடி ஒன்று இருக்கு, நாளைக்கு ராஜகிரியப் பக்கம்தான் வருகிறேன். தெரியாவிட்டால் கொக்கி மட்டும் கொண்டு வருகிறேன்.