‘அட்ரிபியூஷன்’: ‘உரியோர் சுட்டல்’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக நாம் உருவாக்கிவரும் மின்னணுப் பயிற்சிக் கையேட்டில், ரிமோட்டின் அகச்சிவப்புக் குறியீட்டைப் படித்தறியும் பாடத்தில், ‘அட்ரிபியூஷன்’ (பிறர் எழுதிய நிரலைப் பயன்படுத்தும்போது அதற்கு உரியவரின் பெயரைக் காட்டுதல்) என்பதற்கு ‘நன்றி’ என்று எழுதியிருக்கிறோம். இங்குள்ள கல்லூரிச் செயல்திட்ட அறிக்கைகளின் முன்பக்கத்தில் ‘பெங்ஹார்காஆன்’ என்று மலாயில் தலைப்பிட்டு எல்லாருக்கும் நன்றி கூறும் பழக்கத்திலிருந்து இது வந்திருக்கலாம். ஆனால் நன்றி சொல்வதும் விடுவதும் ஒருவருடைய பண்பைப் பொறுத்தவை. நிரலைப் பயன்படுத்த அனுமதி தரும் உரிமத்தின் நிபந்தனை அப்படிப்பட்டதன்று. அதை மீறுபவருக்கு அந்த நிரலைப் படியெடுத்து வழங்கும் அனுமதியே நிலைக்காது. இந்தக் கடப்பாட்டை உணர்த்தாத சொல், எவ்வளவு இனிமையாக இருந்தாலும், பாடத்துக்கு உதவாது. ஆகவே ‘உரியோர் சுட்டல்’ என்பதை முன்மொழிகிறேன்.

பாடத்தில் பயன்படும் ‘ஐஆர்ரிமோட்’ நிரலகத்தையே (பிறர் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு) பார்ப்போம். 2009-இல் ‘ஆர்டுயினோ’ என்னும் சிறு மின்னணுப் பலகைக்காக கென் ஷிரிஃப் வெளியிட்ட இந்நிரலகம் முதலில் எல்ஜிபிஎல் 2.1 என்னும் திறமூல உரிமத்தில் இருந்தது. இப்போது எம்ஐடி என்னும் மற்றொரு திறமூல உரிமத்தில் இருக்கிறது. அதன் உரிமக் கோப்பில் அவருடைய பெயரோடு பின்னர் அதைப் பேணியவர்களின் பெயர்களும் ஆண்டுகளும் உள்ளன. எம்ஐடி உரிமம் கேட்பது ஒன்றே: பதிப்புரிமைக் குறிப்பும் அனுமதிக் குறிப்பும் நிரலின் எல்லாப் படிகளிலும், அதன் கணிசமான பகுதிகளிலும் இடம்பெற வேண்டும்.

எங்கே இடம்பெற வேண்டும் என்பதில்தான் நுண்கட்டுப்படுத்தி (பலகையிலுள்ள சிறு கணினிச் சில்லு) சிக்கலை உண்டாக்குகிறது. மூலநிரலின் தலைப்பகுதியில் உள்ள குறிப்புரை, கம்பைல் செய்தவுடன், அதாவது எந்திரம் படிக்கும் இரும வடிவுக்கு மாற்றியவுடன், மறைந்துவிடுகிறது. 32 கிலோபைட் நிரல் நினைவகம் மட்டுமே கொண்ட ஏடிமெகா328பி சில்லுக்குள் ஏறுவது வெறும் இருமக் கோப்பு. கோலாலம்பூரின் ஜாலான் பாசார் கடைகளில் உதிரிகள் வாங்கி ஒரு மாணவர் செய்த ரிமோட்டை நாளை யாருக்காவது விற்றால், வாங்குபவர் அந்தக் குறிப்பை எங்கும் காணமாட்டார். இருமமாக வழங்கும்போது கூடவரும் ஆவணத்தில் குறிப்பை இட வேண்டும் என்று பிஎஸ்டி என்னும் இன்னொரு திறமூல உரிமம் வெளிப்படையாகவே சொல்கிறது. எம்ஐடி உரிமத்தின் ‘எல்லாப் படிகளும்’ என்ற சொற்களையும் அவ்வாறே கொள்வதுதான் பாதுகாப்பு. எல்ஜிபிஎல் என்றால் இதுவும் போதாது. பயனர் நிரலகத்தை மாற்றி மீண்டும் இணைத்துக்கொள்ள வழிசெய்து தர வேண்டும். அதைக் கையேட்டில் வேறோர் இயலில் விளக்கலாம்.

எதற்கு இது பொருந்தும் என்பதையும் பிரித்துக்காட்ட வேண்டும். என்இசி என்னும் ரிமோட் குறியீட்டு முறையில் 38 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலைமேல் 9 மில்லிநொடித் துடிப்பு, 4.5 மில்லிநொடி இடைவெளி, அதன்பின் முகவரியும் கட்டளையுமாக 32 பிட்டுகள் வரும் என்பது ஒரு தகவல்; ஒரு பொத்தானை அழுத்தும்போது கிடைக்கும் எண்ணும் அப்படித்தான். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளுள் அடக்குகிறது. ஆனால் எண்ணத்துக்கும் செயல்முறைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே தம் வீட்டு ரிமோட்டை அளந்து ஓர் எண்ணை அனுப்பியவருக்கு நன்றி கூறுவது முறை. அந்த எண்ணைப் பகுத்தறியும் நிரலை எழுதியவரின் பெயரைக் காட்டுவதோ நிபந்தனை. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால் இந்த வேறுபாடு மாணவருக்கு ஒருபோதும் விளங்காது.

‘அட்ரிபியூஷன்’ என்பதற்குப் பினாங்கு நண்பர் முன்வைத்த ‘ஆக்கியோன் பெயர்’ என்னும் சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நூலின் பாயிரம் காட்ட வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரையும் நூல் வந்த வழியையும் நன்னூல் முதலில் வைப்பதை அவர் நினைவூட்டியது பொருத்தமே. பிறர் நிரலிலிருந்து கிளைத்த நிரலை ‘வழிநிரல்’ என்று அழைக்கவும் அங்கிருந்தே வழி கிடைக்கிறது. ஆயினும் பதிப்புரிமைக் குறிப்பில் நிற்கும் பெயர் எழுதியவருடையதாக இல்லாமல் ஒரு நிறுவனத்தினுடையதாகவும் இருக்கலாம் என்பதால், ‘உரியோர்’ என்றால் இருசாராரும் அதில் அடங்குவர். ‘மூலச்சுட்டு’ என்னும் மாற்றுச் சொல்லும் வேண்டாம், மூலநிரல், திறமூலம் ஆகியவற்றோடு அது குழம்பும்.

‘சுட்டு’ என்றாலே இளைஞர்கள் சிரிப்பார்கள், ‘நிரலைச் சுட்டுவிட்டான்’ என்றால் திருடிவிட்டான் என்றுதானே பொருள் என்று அம்மையார் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. பெயர் காட்டுவதற்கான சொல்லிலேயே பெயர் மறைப்பவனின் சொல் ஒலிப்பது வேடிக்கைதான். ஆனால் ‘சுடு’ என்னும் வினையிலிருந்து ‘சுடல்’ வருமேயன்றிச் ‘சுட்டல்’ வராது. எனவே செயலைக் குறிக்க ‘உரியோர் சுட்டல்’ என்றும், அச்செயலால் விளையும் எழுத்தைக் குறிக்க ‘உரியோர் குறிப்பு’ என்றும் இரண்டாகக் கொள்ளலாம்.

கையேட்டில் வாக்கியம் இவ்வாறு அமையலாம்: “இச்சாதனத்தில் உள்ள நிரலகம் எம்ஐடி உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது, உரியோர் குறிப்பு பெட்டியில் உள்ள தாளில் தரப்பட்டுள்ளது.” அந்தத் தாளில் உரிமத்தின் ஆங்கில மூலத்தைச் சொல் மாறாமல் அப்படியே அச்சிட வேண்டும். நம் தமிழாக்கம் அதனருகில் விளக்கமாக நிற்கலாமேயன்றி, அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்