ஸ்கூபா டைவ் முடிந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது, பெல்ட்டை மாற்றினால் போதுமா?

நீலத்திமிங்கலம்:
வணக்கம். வயது 43, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. கீழ்முதுகில் எல்4-எல்5 டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக முன்பு ஸ்கேனில் வந்தது. மருத்துவப் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதினேன், டாக்டரும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெரும்பாலும் பாண்டிச்சேரியில்தான் டைவ்.

இறங்கியதும் கொஞ்ச நேரம் வலி என்பதே மறந்துபோகும். அப்புறம் மூழ்குவதற்காக ஈயம் கோத்துக் கட்டும் பெல்ட்டுக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் இறுக ஆரம்பிக்கும். போட்டில் ஏறினால் குனிந்து பூட்ஸைக் கழற்ற முடியாது, யாராவது இழுத்துவிட வேண்டும். வீட்டில் "இந்த வயசுல இது தேவையா" என்ற பாட்டு வேறு. 3 மி.மீ. சூட், அலுமினிய டேங்க், பெல்ட்டில் 8 கிலோ ஈயம். கால் மரத்துப்போவதெல்லாம் இல்லை. அகலமான பெல்ட் வாங்கினால் சரியாகுமா?

பழைய டைவ்மாஸ்டர்:
8 கிலோவா! 3 மி.மீ. சூட்டுக்கு 4 முதல் 6 கிலோவே பலருக்கும் தாராளம். பெல்ட் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள் தம்பி.

ஈயம் முழுவதும் இடுப்பில் தொங்குகிறது. அதைத் தூக்கிப் பிடிக்க பிசிடியில், அதாவது மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டையில், காற்று அடைக்கிறீர்கள், அது மேலுடம்பைத் தூக்குகிறது. கால் கீழே, தலை மேலே என்று சாய்ந்தபடி நீந்துகிறீர்கள். முன்னால் பார்க்க வேண்டுமே என்று முதுகை வில்லாக வளைக்கிறீர்கள். முக்கால் மணி நேரம் அப்படியே வளைந்திருந்தால் டிஸ்க் நன்றாக இருப்பவனுக்கே வலிக்கும்.

அடுத்த டைவ் முடிவில் டேங்க்கில் காற்றழுத்தம் 50 பாருக்குக் குறைந்திருக்கும்போது மேலே வந்து, பிசிடியைக் காலி செய்து, சாதாரண மூச்சோடு அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். தலைக்கு மேல் போனால் ஈயம் அதிகம். டேங்க் நிறைந்திருக்கும்போது பார்த்தால் சுமார் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. குறைத்தபின் தேவைப்படும் ஈயத்தில் ஒன்றிரண்டு துண்டை டேங்க் பட்டையில் மேலே மாட்டுங்கள். முழங்காலை மடக்கித் தவளை மாதிரி உதைக்கும் ஃப்ராக் கிக் பழகுங்கள். கத்தரி மாதிரி உதைத்தால் ஒவ்வொரு உதைக்கும் இடுப்பு ஆடும்.

அப்புறம் போட். உண்மையில் முதுகு போவது அங்கேதான். நிறைந்த டேங்க் மட்டும் ஏறக்குறைய 17 கிலோ, அதை ஆடும் பலகையில் குனிந்து தூக்கக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது தண்ணீரிலேயே முதலில் பெல்ட்டைக் கொடுங்கள், அடுத்து காற்றடைத்த பிசிடியை, பிறகு வெறும் உடம்போடு ஏணி ஏறுங்கள். பிசிடியை முதலில் கழற்றினால் பெல்ட் உங்களைக் கீழே இழுக்கும். போட் ஆட்களிடம் கிளம்பும்முன்பே சொல்லிவிடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பவளம்77:
எனக்கும் இதே கதைதான். போகும்முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வேன், பிரச்சினையே இல்லை.

பழைய டைவ்மாஸ்டர்:
அம்மா, அதை மட்டும் செய்யாதீர்கள். டிகம்ப்ரஷன் நோய் (மேலே வரும்போது உடம்புக்குள் நைட்ரஜன் குமிழி உண்டாவது) தண்டுவடத்தைப் பிடித்தால் சில நேரம் முதல் அறிகுறியே முதுகுவலிதான். வயிற்றையோ நெஞ்சையோ சுற்றிக் கட்டியதுபோல வலி, காலில் ஊசி குத்தல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் வராமல் அடைப்பது, இவற்றில் எது வந்தாலும் "பழைய வலிதான்" என்று படுத்துவிடக் கூடாது. உடனே 100 சதவீத ஆக்சிஜன், பிறகு ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் அழுத்த அறைச் சிகிச்சை. மாத்திரை போட்டிருந்தால் அந்த வலி மறைந்து நேரம் போய்விடும். டிஸ்க் தொல்லை உள்ளவர்கள் வழக்கமாக எங்கே வலிக்கும், எங்கே மரக்கும் என்பதை லாக் புக்கிலேயே எழுதி வையுங்கள். புதிதாக ஒன்று வந்தால் டாக்டருக்கு அதுதான் அளவுகோல்.

நீலத்திமிங்கலம்:
ரொம்ப நன்றி அண்ணே. பெல்ட்டைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் நீச்சல்குளத்திலேயே எடையைப் பார்த்துவிடவா?

பழைய டைவ்மாஸ்டர்:
உடம்பு படுத்தவாக்கில் நிற்கிறதா என்று பார்க்கக் குளம் போதும், யாரையாவது பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எடைக் கணக்கு மட்டும் கடலில்தான். உப்புத் தண்ணீர் கூடுதலாகத் தூக்கும், நீங்களும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் குளத்துக் கணக்கைவிட இரண்டரை கிலோ வரை கூட வேண்டியிருக்கும்.