மறு: ‘சிஸ்டம்ஸ் லைப்ரேரியன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

நூலகத்தின் கணினி வேலைகளைக் கவனிக்கும் ‘சிஸ்டம்ஸ் லைப்ரேரியன்’ பதவிக்கு இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: முறைமை நூலகர், கணினி நூலகர், நூலக நுட்பர். மூன்றிலும் எனக்குத் தயக்கம். ‘முறைமை நூலகர்’ என்றால் முறைப்படி பதவிக்கு வந்தவர் என்பது போலக் காதில் விழுகிறது. ‘கணினி நூலகர்’ புத்தகத்துக்குப் பதில் கணினியை இரவல் கொடுப்பவரா, இல்லை நூலகர் நாற்காலியில் கணினியே உட்கார்ந்திருக்கிறதா?

> நூலக நுட்பர் எளிமையாக இருக்கிறதே, என்ன குறை?

சொல்லில் குறை இல்லை. ஆனால் பல நாடுகளில் ‘லைப்ரரி டெக்னீஷியன்’ என்று வேறொரு பதவி உண்டு. நூலகருக்குத் துணையாக நூல் பதிவு, அடுக்கு, இரவல் வேலைகளைப் பார்ப்பவர். நுட்பர் என்ற சொல் அவருக்குத்தான் சேரும். நாம் எடுத்துக்கொண்டால் அவர் பெயரில்லாமல் நிற்பார்.

சரி, நாம் பெயர் தேடும் ஆள் என்ன வேலை செய்கிறார்? என் தப்பு ஒன்றையே சொல்கிறேன். ஒரு நூலகத்தின் பழைய தமிழ்ப் பட்டியலை யுனிகோடுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பதிவுகள் மார்க் வடிவில் (நூல் விவரங்களைக் கணினியில் பதிய நூலகங்கள் பயன்படுத்தும் அமைப்பு), தமிழ் எழுத்துகள் திஸ்கியில் (பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கம்). நிரல் எழுதத் தெரிந்த திமிரில் கோப்பு முழுவதையும் வெறும் உரையாக எண்ணி ஒரே ஓட்டத்தில் மாற்றிவிட்டேன். அப்புறம் ஒரு பதிவைக்கூட மென்பொருளால் வாசிக்க முடியவில்லை.

காரணம் எளிது. மார்க் பதிவின் தொடக்கத்தில் 24 எழுத்துத் தலைப்பகுதி. அதன் முதல் 5 இடங்களில் பதிவின் மொத்த நீளம். அடுத்து ஒவ்வொரு புலத்துக்கும் (தலைப்பு, ஆசிரியர் போன்ற ஒவ்வொரு விவரமும் ஒரு புலம்) 12 எழுத்தில் ஒரு குறிப்பு: புல எண், நீளம், தொடங்கும் இடம். திஸ்கியில் ‘க’வும் ஒரு பைட் (கணினிச் சேமிப்பின் அலகு), ‘கு’வும் ஒரு பைட். யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ‘க’ மூன்று, ‘கு’ ஆறு. உள்ளே எழுத்தெல்லாம் ஊதிப் பெருத்துவிட்டது, குறிப்போ பழைய கணக்கையே ஒப்பித்துக்கொண்டிருந்தது.

பட்டியலாளர் அம்மா ஒருவர்தான், “புலம் புலமாகப் பிரித்து மாற்றுங்கள் தம்பி, 245 தலைப்பு, 100 ஆசிரியர்” என்று வழி காட்டினார். அவருக்கு பைட் தெரியாது, எனக்கு 245 தெரியாது. இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அந்த ஆளுக்குத்தான் பெயர் தேடுகிறோம். நூலக மென்பொருளான கோஹாவைப் பராமரிப்பது, அறிக்கைக்கு எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தில் தேடும் மொழி) எழுதுவது, ஆய்வேடுகளை டி-ஸ்பேஸ் என்ற மின்களஞ்சிய மென்பொருளில் ஏற்றுவது, யார் எதைப் படித்தார் என்ற விவரம் வெளியே கசியாமல் காப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

> எப்படியும் ‘நூலகர்’ என்றே முடியவேண்டும். இல்லையென்றால் உள்ளே மதிப்பு இருக்காது.

இங்கேதான் மாறுபடுகிறேன். இப்படிச் சேர்த்துச் சொல்லும்போது தமிழில் கடைசிச் சொல்தான் ஆளைக் காட்டுகிறது. ‘நூலகர்’ என்று முடித்தால், நிரல் எழுதத் தெரிந்தவர் விளம்பரத்தைப் பார்த்தவுடன் “நம்மிடம் நூலக அறிவியல் பட்டம் இல்லையே” என்று தாண்டிப் போய்விடுவார். அந்தப் பட்டம் கட்டாயம் என்கிற இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. லினக்ஸும் தரவுத்தளமும் தெரிந்தால் போதும், மீதியை வேலையில் கற்றுக்கொள்ளலாம் என்கிற இடங்களும் உண்டு. மார்க்கை உருவாக்கிய ஹென்றியட் ஆவ்ரம் 1965இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்தபோது நூலக அறிவியல் படித்தவர் அல்லர், நிரலர். கோஹாவும் அப்படித்தான்: 1999இல் நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக ஒரு கணினி நிறுவனம் எழுதிக் கொடுத்தது.

ஆகவே என் முன்மொழிவு: நூலகக் கணிஞர். ‘தமிழ்க் கணிமை’ (தமிழ் கம்ப்யூட்டிங்) ஏற்கெனவே நம் புழக்கத்தில் இருக்கிறது. கணிமை செய்பவர் கணிஞர். அறிஞர், கலைஞர், பொறிஞர் வரிசையில் இயல்பாக உட்காரும், ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. பட்டம் கட்டாயமான பதவிக்கு ‘கணிமை நூலகர்’ என்று திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ‘மீத்தரவு நூலகர்’ (மெட்டாடேட்டா லைப்ரேரியன், நூல்களைப் பற்றிய விவரங்களைத் தொகுப்பவர்) மட்டும் அப்படியே இருக்கட்டும், அது அடிப்படையில் பட்டியல் வேலைதான்.

இரண்டு ஆட்சேபணை வரும், நானே சொல்லிவிடுகிறேன். பழந்தமிழில் கணியன் என்றால் நாளும் கோளும் பார்ப்பவர். யாராவது ஜாதகத்தோடு நூலகத்துக்கு வரக்கூடும். ‘ஞர்’ போட்டதால் அது தீர்ந்தது என்று நினைக்கிறேன். இன்னொன்று, ஓரெழுத்து பிசகினால் ‘நூலகக் கவிஞர்’. ஸ்கேன் செய்து எழுத்துணரியில் (ஓசிஆர்) போட்ட பணி விளம்பரத்தில் இது நிச்சயம் நடக்கும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மீத்தரவா, மீதரவா என்ற பழைய சண்டையை இங்கே கிளப்பவேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது.